எல்லார் வீட்டுச் சூடும் எங்கள் சந்தில்

என் வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக். ஆனால் ரொம்ப காலம் எங்கள் வீட்டில் ஏசி கிடையாது. இதைக் கேட்டதும் எல்லாரும் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும், "அப்படியே எங்க வீட்டு மெஷினையும் ஒரு தடவை வந்து பார்க்கச் சொல்லுங்களேன்" என்று இன்னொரு வேலையை என் தலையில் கட்டிவிட்டுப் போவார்கள். அது ஏன் இல்லாமல் இருந்தது, பிறகு எப்படி வந்தது என்று சொன்னால் உங்களுக்கும் எரிச்சல் வரும். வரட்டும். நான் மட்டும் ஏன் தனியாக எரிந்துகொண்டிருக்க வேண்டும்?

ஆள் நெட்டை, ஒல்லி. ஏணியில் ஏறி நின்றால் எது ஏணி, எது ஆள் என்று தெரியாது என்பார் என் மாமனார். பேச்சு குறைவு. காது மட்டும் ரொம்பக் கூர்மை. யார் வீட்டுக்குப் போனாலும் வணக்கம் சொல்வதற்கு முன்னால் தலையைச் சாய்த்து அவர்கள் வீட்டு ஏசி ஓடுகிற சத்தத்தைக் கேட்பார். "பேரிங் போகப் போகுது" என்பார். அவர்கள் எங்களை உட்காரக்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கு மானம் போகும்.

வேலையில் மட்டும் குறை சொல்ல முடியாது. சுவரில் துளை போடும்போது கீழே பழைய பேப்பரைப் பிடித்துக்கொள்வார், தரையில் பொட்டுத் தூசி விழாது. எல்லாம் முடிந்ததும் வெளியே போய் அவுட்டோர் பெட்டிக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டிப் பார்ப்பார். அறையிலிருந்து உறிஞ்சின சூடு, அதோடு மெஷின் ஓடுகிற சூடு, எல்லாம் அந்தப் பெட்டி வழியாகத்தான் வெளியே வரும். அனல் கையைச் சுட்டால் அவருக்குத் திருப்தி. "நல்லா தள்ளுது" என்று வீட்டுக்காரர்களிடம் சொல்லிவிட்டுக் கிளம்புவார்.

நாங்கள் இருப்பது ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றில், முதல் மாடியில், வாடகைக்கு. இரண்டே அறைகள். முன் அறை பஸ் போகிற ரோட்டைப் பார்த்தது. பின் அறை ஒரு சந்தைப் பார்த்தது. அந்தச் சந்துக்குள் ஸ்கூட்டரைக் கொண்டுபோகலாம், திருப்ப முடியாது, அவ்வளவுதான் அகலம். சந்துக்கு அந்தப் பக்கம் இதே உயரத்தில் இன்னொரு கட்டடம். அதில் எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு தையல்காரி இருந்தாள். என்னைவிடச் சின்னவள். வீடும் கடையும் அந்த ஒரே அறைதான், வெளிச்சத்துக்காக மெஷினை ஜன்னலோரம் போட்டிருந்தாள். நான் இந்தப் பக்கம் காய் நறுக்குவேன், அவள் அந்தப் பக்கம் காஜா எடுப்பாள், நடுவில் உலகத்துக் கதை எல்லாம் ஓடும். அவளுக்குத் தூரத்தில் எல்லாம் தெரியும், கிட்டத்தில் ஊசி கோர்க்கத்தான் கண் சரியாகத் தெரியாது, அதற்குக்கூடத் துணியோடு ஊசியையும் நூலையும் ஒரு குச்சியில் மாட்டி என்னிடம் நீட்டுவாள்.

நாங்கள் குடிவந்த புதிதில் சாயங்காலமானால் அந்தச் சந்தில் காற்று வரும். சந்து முடிகிற இடத்தில் ஒரு பெரிய குட்டை இருந்தது, பக்கத்தில் வெறும் தரை. குட்டையை மூடினார்கள். வெறும் தரையில் சிமெண்ட் போட்டுக் கார் நிறுத்தினார்கள். அப்புறம் அதன் மேலேயே கண்ணாடி போட்ட ஒரு ஆபீஸ் எழுந்தது. காற்று வருகிற வழியில் ஒருத்தர் நின்றுகொண்டு நகர மாட்டேன் என்றால் என்ன செய்ய முடியும்? பகலெல்லாம் சுவர்கள் வெயிலைக் குடித்துவிட்டு, பொழுது சாய்ந்த பிறகு எங்கள் மேல் துப்பின. படுக்கும்போது சுவரில் முதுகு பட்டால் தோசைக்கல்லில் பட்ட மாதிரி எழுந்து உட்காருவோம்.

வீட்டுக்கு வீடு ஏசி வாங்க ஆரம்பித்தார்கள். யாரைக் கூப்பிடுவார்கள்? இவரைத்தான். கட்டடத்தின் முன்பக்கச் சுவரில் எதையும் தொங்கவிடக் கூடாது, அழகு கெட்டுவிடும் என்பது குடியிருப்போர் சங்கத்தின் விதி. அதனால் எல்லா அவுட்டோரும் பின் சந்துக்குத்தான் வந்தன. இவரும் ஆசை ஆசையாக ஒன்றுக்கு மேல் ஒன்றாக, நூல் பிடித்த மாதிரி நேராக மாட்டினார். பார்த்தவர்கள் எல்லாரும் வாயாரப் பாராட்டினார்கள். எதிர்க் கட்டடத்துக்காரர்களும் அந்த வரிசையைப் பார்த்து மயங்கி, "எங்களுக்கும் இதே மாதிரி" என்று இவரையே கூப்பிட்டார்கள். எங்கள் சந்து இரண்டு பக்கமும் பெட்டிகளாக நிறைந்தது. எங்களுக்கு மட்டும் இல்லை. கேட்டால், "இந்த வாரம் வேலை ஜாஸ்தி, அடுத்த வாரம் பார்க்கலாம்" என்பார்.

அந்த நேரான வரிசைதான் அவர் செய்த பெரிய தப்பு. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சரியான வேலை. மொத்தமாகப் பார்த்தால் கீழ் வீட்டுப் பெட்டி விடுகிற அனலை மேல் வீட்டுப் பெட்டி இழுத்துக்கொண்டு, அது இன்னும் சூடாக்கி அதற்கு மேலே விட்டது. மேலே ஏற ஏற மெஷின்கள் மூச்சுத் திணறி நின்றுபோயின. ஐந்தாம் மாடியில் இருப்பவர் சங்கத்துச் செயலாளர். "உங்க மெஷின் கூலிங்கே இல்லையே" என்று அவர் குதித்தார். இவர் இன்னும் பெரிய மெஷினாக மாட்டிக் கொடுத்தார். அது இன்னும் அதிகமாகக் கக்கியது. ஒருநாள் மத்தியானம் இவர் சந்துக்குள் இறங்கி, அண்ணாந்து, ரொம்ப நேரம் நின்றார். வீட்டுக்குள் வந்து சட்டையைக் கழற்றிப் பிழிந்தார்.

"அடுப்பு மாதிரி இருக்கு. நான்தான் வரிசையா அடுக்கி வெச்சிருக்கேன்" என்றார்.

"நமக்கும் ஒண்ணு மாட்டிட்டா தீர்ந்தது" என்றேன்.

"எங்க மாட்டறது? மிச்சம் இருக்கறது நம்ம ஜன்னலுக்குப் பக்கத்து இடம்தான். நேரா அந்தத் தையல்காரப் பொண்ணு மூஞ்சியில அடிக்கும்."

"எல்லாரும் நம்ம மூஞ்சியில அடிக்கறாங்களே, அது பரவாயில்லையா?"

அவருக்குப் பதில் தெரியாத கேள்வி கேட்டால் டூல்ஸ் பையைத் திறந்து ஸ்பேனர்களைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். அன்றைக்கு எல்லாம் பளபளவென்று ஆயின.

இந்தச் சமயத்தில்தான் என் மாமனார் எங்களோடு இருக்க வந்தார். வாழ்க்கை முழுக்க லாரி ஓட்டியவர். புகையும் புழுதியும் குடித்துக் குடித்து நுரையீரல் கெட்டுப்போய், நாலு வார்த்தை பேசினால் ஒரு தடவை நின்று மூச்சு வாங்குவார். ஆனாலும் பேச்சை விட மாட்டார். முன் அறையில் படுக்க வைத்தால் ரோட்டுப் புகை. அதனால் பின் அறைதான். அங்கே ஜன்னலைத் திறந்தால் அனல், மூடினால் புழுக்கம். டாக்டர் இரண்டு தடவை சொல்லிவிட்டார். இந்தச் சூட்டில் இருந்தால் தாங்க மாட்டார், குளிர்ச்சியான அறை வேண்டும், இல்லை என்றால் வேறு இடத்துக்கு அனுப்புங்கள்.

வேறு இடம் என்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன் வீடு. தூரத்து ஊர். மூன்று அறையிலும் ஏசி. "இங்க அனுப்பிடுங்க, நாங்க பார்த்துக்கறோம்" என்று அந்த அண்ணன் போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். நல்ல மனசுதான், குறை சொல்லக் கூடாது. ஆனால் அங்கே எல்லாரும் காலையில் பூட்டிக்கொண்டு போனால் பொழுது சாய்ந்துதான் வருவார்கள்.

"அங்க போனா எனக்கு மூச்சு நல்லா வரும்மா. அந்த மூச்சை வெச்சு யார்கிட்ட பேசறது?" என்றார் மாமனார் என்னிடம். "நான் இங்கயே இருக்கேனே."

இருக்கட்டும் என்றுதான் எனக்கும் தோன்றியது. அவரை ஜன்னலோரம் உட்கார வைத்தால் தையல்காரியும் நானும் அவருமாக மூன்று பேர் கச்சேரி நடக்கும். அவள் அவரைப் பெரியப்பா என்பாள். டிவியில் வானிலை சொல்கிற பெண் இன்றைய வெப்பம் இவ்வளவு என்று சொன்னதும் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "எந்த ஊரைச் சொல்றா இவ? ஏர்போர்ட்டுப் புல்தரையில வெச்சு அளந்துட்டு வந்து சொல்றா. இங்க வந்து இந்த ஜன்னல்ல கையை நீட்டச் சொல்லு!" இவ்வளவையும் சொல்லி முடிக்க அவருக்குப் பாதி செய்தி ஓடிவிடும்.

லாரி ஓட்டின காலத்தில், ஊர் எப்போது முடிகிறது என்று பலகையைப் பார்க்காமலே தெரியும் என்பார். ஜன்னலில் வைத்த கை சில்லென்று ஆனால் ஊர் முடிந்துவிட்டது. திரும்பி வரும்போது கையில் வெதுவெதுப்பு ஏறினால் ஊர் வந்துவிட்டது. நாங்கள் நம்பாத மாதிரி சிரித்ததால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகனின் வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "விடுடா" என்றார். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். ரோடு, கட்டடம், ரோடு, கட்டடம். கடைசி சிமெண்ட் குடோனைத் தாண்டி, இரண்டு பக்கமும் புதரும் புல்லுமாக வந்த இடத்தில், "இப்ப" என்றார். என் கையிலும் தெரிந்தது. இவர் வேலைக்கு வைத்திருக்கும் தெர்மாமீட்டரை வெளியே நீட்டினார். கிளம்பும்போது எங்கள் சந்தில் பார்த்ததைவிட ஏழு டிகிரி கம்மி. வண்டியை ஓரமாக நிறுத்தினோம். மாமனார் ஒரு இருமல்கூட இல்லாமல் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். அவர் தூங்கி நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. எழுப்ப மனசே வரவில்லை. ஆனால் புதரில் குடியிருக்க முடியுமா? திரும்பி வந்தோம். ஊருக்குள் நுழைந்ததும் அவர் கையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

மறுநாளே என் வீட்டுக்காரர் செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டினார். வாயே திறக்காத மனுஷன், சங்கத்தைக் கூட்டச் சொன்னார். மொட்டை மாடியில் எல்லாரையும் உட்கார வைத்து ஒரு திட்டம் சொன்னார். மேல் மாடிக்காரர்களின் பெட்டிகளை எல்லாம் மொட்டை மாடிக்கு ஏற்றிவிடலாம். கீழ் மாடிகளிலிருந்து அவ்வளவு உயரத்துக்குக் குழாய் இழுக்க முடியாது, அவர்களுடையதை முன்பக்கச் சுவருக்கு மாற்றலாம், அதற்கு விதியைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும். நம் பக்கம் சந்து காலியாகிவிடும், அதைப் பார்த்து எதிர்க் கட்டடத்துக்காரர்களும் மாற்றிக்கொள்வார்கள். எல்லார் மெஷினும் நன்றாக ஓடும், கரண்டும் குறையும். கூலி வேண்டாம், சாமான் செலவு மட்டும்.

எல்லாரும் தலையைத் தலையை ஆட்டினார்கள். நான் மனசுக்குள் மாமனாரின் கட்டிலை எந்தப் பக்கம் திருப்பிப் போடலாம் என்று யோசிக்கவே ஆரம்பித்துவிட்டேன். அப்புறம் ஒருவர் கேட்டார்.

"கழற்றி மாட்டற ரெண்டு நாள் ஏசி இல்லாம எப்படிங்க இருக்கறது?"

"கோடை போகட்டுமே" என்றார் இன்னொருவர். கோடை போய்விட்டால் யாருக்கு இது ஞாபகம் இருக்கும்? முன்பக்கச் சுவர் என்றதும் ஒரு அம்மா முகத்தைச் சுளித்தார். அவருடைய பால்கனிச் செடிகள் ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிய வேண்டுமாம்.

"சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டுக்கு ஒண்ணு மாட்டிக்கிட்டா உங்க பிரச்சினை முடிஞ்சுதே" என்றார் செயலாளர்.

"என் பிரச்சினை முடியும் சார். சந்தோட பிரச்சினை?"

"சந்துக்கு என்னங்க பிரச்சினை?" என்றார் செயலாளர். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அங்கேயே நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் போல் இருந்தது. வாடகைக்கு இருக்கிறவர்களுக்குச் சங்கத்தில் பேச உரிமை இல்லை, இவரையே மெக்கானிக் என்பதால்தான் பேச விட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கி வந்தேன்.

இவர் விடவில்லை. செய்து காட்டினால் நம்புவார்கள் என்று செயலாளர் வீட்டு மெஷினை மட்டும் முதலில் தன் செலவில் மொட்டை மாடிக்கு ஏற்றினார். உச்சி வெயிலில், தோள் உரிய, தனி ஆளாக. வேலை பிரமாதமாக முடிந்தது. செயலாளர் வீடு ஐஸ்பெட்டி மாதிரி ஆனது. ஆனதும் அவருக்கு இந்த விஷயத்தில் இருந்த அக்கறை மொத்தமும் தீர்ந்துபோனது. அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டால், "பார்க்கலாம், பார்க்கலாம்." மேலே ஒரு பெட்டி குறைந்ததில் சந்து லேசாக மூச்சு விட்டது போலத் தெரிந்ததும், நாலாம் மாடிக்காரரும், "இப்ப பரவாயில்லையே, எதுக்கு வீணா கைவைக்கணும்?" என்று கழன்றுகொண்டார். நல்லது செய்யப் போய், இருந்த கொஞ்சம் ஆதரவையும் தன் கையாலேயே ஆற வைத்துவிட்டு வந்து நின்றார் என் புருஷன். அழுவதா சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. கத்தினேன்.

"ஊர்ல இருக்கற சூடெல்லாம் உங்க தலையிலதான் எழுதியிருக்கா? பெத்த அப்பா மூச்சு விட முடியாம கெடக்கறாரு, நீங்க சந்தைக் காப்பாத்தப் போறீங்க!"

"சந்துலதான் அப்பாவும் இருக்காரு" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் மாமனாருக்கு மூச்சு அடைத்துக்கொண்டது. உதடு நீலம் பாரித்துவிட்டது. தையல்காரிதான் எதிர் ஜன்னலிலிருந்து பார்த்துக் கத்தினாள், நான் முன் அறையில் இருந்தேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்து, சாயங்காலம் அனுப்பினார்கள். அந்த டாக்டர் இந்த முறை எங்களைப் பார்த்த பார்வையில் மரியாதை இல்லை. செய்தி போனதும் இவருடைய அண்ணன், "ஞாயிற்றுக்கிழமை கார் எடுத்துக்கிட்டு வர்றேன், ரெடியா இருக்கச் சொல்லுங்க" என்றார்.

சனிக்கிழமை காலையில் நான் எழுந்து பார்த்தபோது மாமனார் வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, பையை மடியில் வைத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"நாளைக்குத்தான மாமா வர்றாங்க?"

"தெரியும்மா. பழகிக்கறேன்."

நான் நேராக முன் அறைக்குப் போனேன். என் வீட்டுக்காரர் ஸ்பேனர் துடைத்துக்கொண்டிருந்தார். "ஏங்க, மாட்டுங்க" என்றேன். என் முகத்தைப் பார்த்தார். கடையில் சரிசெய்து வைத்திருந்த ஒரு பழைய மெஷினை எடுத்து வரக் கிளம்பினார். எதிர் ஜன்னலுக்குச் சொல்ல வேண்டியது என் வேலை ஆனது.

தையல்காரி ஒரு சட்டைக் காலரைத் திருப்பிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். பாதியிலேயே புரிந்துகொண்டாள். நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள்.

"பெரியப்பா ஊருக்குப் போக மாட்டாருல்ல?"

"மாட்டாரு. ஆனா இது நேரா உன் பக்கம்தான் அடிக்கும். உனக்குச் சம்மதம்னா மட்டும்..."

"என்ன அக்கா பேசறீங்க. நேத்து அவர் உதட்டைப் பார்த்தவ நான். நான் என்ன சொல்லுவேன்னு தெரிஞ்சுக்கிட்டே கேக்கறீங்க, அப்புறம் எதுக்குக் கேக்கறீங்க?"

அவள் சொன்னது நியாயம். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

இவர் மத்தியானத்துக்குள் வேலையை முடித்தார். துளை போடும்போது பேப்பர் பிடித்தார். பெட்டியின் வாயைக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்துப் பார்த்தார், தகட்டை வளைத்துத் தடுப்பு வைத்துப் பார்த்தார். அந்தச் சந்தில் எந்தப் பக்கம் திருப்பினாலும் அது யாரோ ஒருவருடைய ஜன்னல்தான். கடைசியில் ஸ்விட்சைப் போட்டார். வெளியே போய்க் கையை நீட்டிப் பார்க்கவில்லை. முன் அறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

அறை குளிர்ந்தது. மாமனார் பையை மடியிலிருந்து இறக்கினார். சட்டையோடு சாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் வாய் திறந்து குறட்டை வந்தது. அண்ணனுக்குப் போன் போட்டு, வர வேண்டாம் என்று நானே சொன்னேன். எனக்கு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் அது பொய்யில்லை. அந்த நிம்மதி வந்ததற்காக என் மேலேயே எரிச்சலாகவும் இருந்தது.

ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எதிரே அவள் வெட்டி வைத்த துணிகள் அனலில் பறந்தன. கத்தரிக்கோலை ஒன்றின் மேல் வைத்தாள், அளவு டேப்பை ஒன்றின் மேல் வைத்தாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். என்னைப் பார்த்ததும், மெஷின் சத்தத்துக்கு மேலே கேட்கும்படிக் கத்தினாள்.

"அக்கா, பெரியப்பா தூங்கிட்டாரா?"

கண்ணாடியைத் திறந்து, "தூங்கறாருடி" என்றேன்.

"நல்லது" என்றாள். தன் ஜன்னல் கதவுகளை ஒவ்வொன்றாக இழுத்து மூடினாள். தாழ்ப்பாள் போட்டாள். பட்டப்பகலில் உள்ளே டியூப் லைட் எரிந்தது.

நான் முன் அறைக்குப் போய், அவள் ஜன்னலை மூடிக்கொண்டதை இவரிடம் சொன்னேன். துண்டால் விசிறிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"பாவம். அவளுக்கும் ஒண்ணு மாட்டிக் கொடுத்துடறேன்."

"அவ வீட்டுச் சூடு எங்க போகும்?"

"வேற எங்க? நம்ம ஜன்னலுக்குத்தான்" என்றார், டூல்ஸ் பையை இழுத்துக்கொண்டே.